மூன்று அங்குல உயரம்

அக்காவின் காரில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் தரைக்கும் இடைவெளி ஆறு அங்குலம். லால்பேட்டையைத் தாண்டி வாய்க்கால் கரையோரம் போகும் மாட்டு வண்டித் தடத்தில், இரண்டு சக்கரப் பள்ளங்களுக்கும் நடுவே நிற்கும் மேடு ஏழு அங்குலம். பள்ளத்தில் இறங்கி நின்று நானே அளந்தேன்.

அக்கா சிதம்பரத்தில் டாக்டர். அந்த ஐப்பசியில் ஒரு பிரசவத்துக்குப் போகும்போது அந்த மேடு இடித்துத் தொட்டி பிளந்துவிட்டது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு மீதித் தூரத்தை நடந்திருக்கிறாள். தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. மறுநாள் காலை நான் காரை உயர்த்தித் தருகிறேன் என்று சொன்னேன்.

குழந்தைக்காக மட்டும் சொன்னேன் என்று எழுதினால் பொய். மெக்கானிக்கல் படித்து முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கடலூரில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் ஒரே பதில்: கையால் வேலை செய்ததற்கு ஏதாவது ஒரு பட்டறையிலிருந்து கடிதம் கொண்டு வாருங்கள். ஒரு கார், ஒரு கடிதம், ஒரு வேலை. இந்த வரிசைதான் என் மனதில் இருந்தது.

கடலூரில் கார் பட்டறை வைத்திருந்தவர் அக்காவின் மாமனாருக்குச் சிநேகிதர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். "எடத்த எடுத்துக்க, ஆள எடுத்துக்க. வேல முடிஞ்சா நானே லெட்டர் எழுதித் தரேன் பாப்பா" என்றார்.

பதினோரு இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் எழுதினேன். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்க இரண்டு அங்குல இரும்புக் கட்டை நான்கு. எல்லாவற்றையும் ஆக்சிலோடு சேர்த்துக் கட்டிப் பிடிக்க, அதற்கேற்ற நீளமான யு-போல்ட். கட்டையால் உடம்புதான் உயரும், ஆக்சில் உயராது. அதனால் ஒரு அங்குலம் தூக்கிக் கொடுக்கும் பெரிய டயர். பின் கட்டைகளுக்கு மட்டும் ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் மெலிதாகச் சரிவு. தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு கோணம் மாறி வண்டி நடுங்கும். ஒன்பதாவது இனத்தின் கீழ் இரண்டு கோடு போட்டேன்: பிரேக் ஹோஸ். பழைய ரப்பர்க் குழாயை அப்படியே விட்டால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது இழுபட்டு அறும்.

பத்து நாள் சிதம்பரத்திலிருந்து காலை பஸ் பிடித்துக் கடலூர் போனேன். பட்டறையின் மூத்த மெக்கானிக் என் பட்டியலைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இரும்பு எதுக்கும்மா? மாட்டு வண்டி அச்சுக்கே கருவேலங்கட்டதான். செத்தி வச்சிட்டா போதும்."

"மாடு பிரேக் அடிக்குமாண்ணே?"

அவர் சிரித்துவிட்டார். "ஜாஸ்திதான் பேசுற" என்று சொல்லிவிட்டு இரும்பு அறுக்கப் போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் தகராறு இல்லை. படுத்தபடி நட்டுகளை முறுக்கியது நான். கட்டைக்குச் சரிவு ராவியதும் நான். மாமா தகரக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு வருகிறவர்களுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நாளில் அவர் ஸ்பேனரைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

வண்டியின் அமைப்பை மாற்றினால் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பதினோராம் நாள் அவர் பட்டறைக்கே வந்தார். அக்காவும் வந்திருந்தாள். அவர் குனிந்து பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், பிரேக் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சு செஞ்சிருக்கு. யாரு வேல?"

"நம்ம பட்டறதான் சார். நானே கூட நின்னு செஞ்சது" என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் என் கையைப் பார்த்தார். முழங்கை வரை கிரீஸ். "இவுங்க?"

"டாக்டரம்மாவோட தங்கச்சி சார். வேடிக்க பாக்க வந்துச்சு."

மூத்த மெக்கானிக் தரையைப் பார்த்தார். அவருக்கு அங்கே சம்பளம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இன்ஸ்பெக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டிய பிறகு சொன்னாள்: "பொண்ணு செஞ்சதுன்னா அந்த ஆளு கையெழுத்துப் போட்டிருப்பானாடி? கார் ஓடுது இல்ல?"

கார் நன்றாக ஓடியது. ஆண்கள் மட்டுமே படித்த வகுப்பில் தானும் தனியாக உட்கார்ந்து டாக்டரானவள் அவள்.

மாமா கடிதம் கொடுத்தார். இன்ஸ்பெக்டரிடம் ஒன்று சொல்லிவிட்டு இதில் வேறொன்று எழுத அவரால் முடியாதாம். 'எங்கள் பட்டறையில் நடந்த பணிகளை உடனிருந்து ஆர்வத்துடன் கவனித்தார்.' பஸ் கம்பெனி மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார்.

"கவனிச்சீங்க. சரி. நீங்க என்ன செஞ்சீங்க?"

பதினோரு இனங்களையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "கடிதத்துல அப்படி இல்லீங்களே." மூன்றாவது முறையும் வேலை இல்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். அன்று முருங்கைக்கீரை.

நான்கு மாதம் கழித்து மாமா சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் ஒரு மிராசுதார், அக்காவின் காரைப் பார்த்துவிட்டுத் தன் காரையும் அவரிடம் விட்டிருந்தார். உயர்த்திய பிறகு வண்டி நடுங்குகிறதாம். மெக்கானிக்குக்கும் காரணம் பிடிபடவில்லை.

"பாப்பா, அந்த லிஸ்ட்ட கொஞ்சம் காட்டேன்."

"ஹோஸ் மாத்துனீங்களா மாமா?"

"எந்த ஹோஸு?"

அக்கா உள்ளிருந்து காபியுடன் வந்தாள். "பெரியவரு, நிக்க வச்சிட்டு பேசாத. குடுத்துடு" என்றாள்.

உள்ளே போய் ஒரு புதுத் தாள் எடுத்தேன். மூலப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே ஒரே கேள்வி கேட்டேன்: இது விட்டுப்போனால் ஆள் சாவானா? இரண்டுக்கு ஆம். பிரேக் ஹோஸ், யு-போல்ட். அந்த இரண்டையும் நீளம், தடிப்பு, எத்தனை மைலுக்கு ஒருமுறை நட்டை மறுபடி முறுக்க வேண்டும் என்பது வரை தெளிவாக எழுதினேன். கட்டையின் சரிவைப் பற்றி எழுதவில்லை. நடுக்கத்தால் தண்டு தேயும், பேரிங் போகும், மிராசுதார் கத்துவார். உயிர் போகாது.

மாமா தாளை வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுதானா? ஜாஸ்தி இருந்துச்சே. நடுங்குறதுக்கு இதுல ஒண்ணும் இல்லியே."

"நான் வேடிக்க பாக்க வந்தவதான மாமா. மத்ததெல்லாம் சரியா கவனிக்கல."

அவர் காபியைக் குடிக்காமல் போனார். அக்கா அதை வாசலிலேயே கொட்டிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் விடியும் முன் வாய்க்கால் கரையிலிருந்து ஆள் வந்து கூப்பிட, காரை எடுத்துக்கொண்டு போனாள். தொட்டி இடிக்கவில்லை. கூப்பிட்ட வீடு வரை கார் போயிற்று.