பால்கனி அறையிலிருந்து கடல் தெரியுமா? போர்ட் கிள்ளானில் கப்பலேறிய கதை

சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் மனைவி செல்வியும் போர்ட் கிள்ளானிலிருந்து பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்பும் மூன்று இரவுக் கப்பல் பயணம் போனோம். செல்விக்குக் கண் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் மட்டும்தான் தெளிவு. போனது திரும்பாது, இருப்பது நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காரில் அவள் கேட்டது ஒன்றுதான்: “ஒரு தடவ நடுக்கடல நல்லா பாத்துடணுங்க.”

அதனால்தான் பால்கனி அறை. என் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பயண ஏஜென்சி நடத்தும் பரிமளா, கப்பலின் வரைபடத்தைத் திரையில் காட்டினார்.

“அண்ணே, போர்ட் சைடா, ஸ்டார்போர்ட் சைடா?”

“போர்ட் சைட் வேணாம்மா. போர்ட்டதான் ஏறறப்பவே பாக்கப்போறோமே. கடல் சைட் குடுங்க.”

“அய்யோ, போர்ட்னா கப்பலோட எடது பக்கம் லா அண்ணே! பினாங்குக்குப் போறப்ப எடது பக்கம் கடல், சன்செட். வலது பக்கம் கரை. வரப்ப மாறிடும்.”

அன்று எதையும் முடிவு செய்யாமல் வீட்டுக்குப் போனேன். பல நாள் காணொளிகளாகப் பார்த்தேன். முன்பக்கம் ஆடும் என்றார் ஒருவர். பின்பக்கம் அதிரும் என்றார் இன்னொருவர். மேல்தளம்தான் காட்சி என்று ஒருவர் சொல்ல, கீழ்த்தளம்தான் கடல் என்று மற்றவர் அடித்துச் சொன்னார். கடைசியில் இடது பக்கம், நடுப்பகுதி, பதினோராம் தளம், எதுவும் மறைக்காத பால்கனி என்று பதிவு செய்தேன். சரிதானா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

புறப்பட்ட அன்றும் ஒரு கூத்து. கே.எல். சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்துக்குப் பிறகு கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினோம். கட்டணம் ஆளுக்கு ஐந்து ரிங்கிட்டை ஒட்டி. எதிரே படகுத்துறை இருந்தது. பெரிய கப்பல் எதையும் காணோம். நான் அழைத்த கிராப் வாடகைக் காரை ஓட்டிவந்த தமிழர் பெட்டிகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“பாஸ், இங்க கெத்தாம் தீவுக்குப் போற ஃபெரிதான். குரூஸ் கப்பல் அந்தப் பக்கத் தீவு, பூலாவ் இண்டாவுல. ஏறுங்க, டைம் இருக்கு.”

இன்னும் இருபது கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டியிருந்தது. நுழைவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

மாலை கப்பல் நகர்ந்ததும் செல்வியைப் பால்கனி நாற்காலியில் உட்காரவைத்தேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் ஒரு சரக்குக் கப்பல். “அதோ, அந்தப் பக்கம்” என்று கை நீட்டினேன். அவள் முகத்தை மெதுவாக இடமும் வலமும் திருப்பித் தேடினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெளிச்சம் கூசுதுங்க. அதுக்கப்புறம் பாத்தா எல்லாம் ஒரே நெறமா இருக்கு. எதப் புடிச்சுப் பாக்கறதுன்னே தெரியல.”

அவளுக்கென்று தேடித் தேடி எடுத்த அறையில் அவளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. வேறு அறை கேட்டுக் கீழே வரவேற்பு மேசைக்கு ஓடினேன். வலது பக்கம், ஆறாம் தளத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, ஆனால் உயிர்காப்புப் படகு பாதிக் காட்சியை மறைக்கும் என்றார்கள். போதாக்குறைக்கு இதுவுமா என்று வேண்டாமெனத் திரும்பினேன். பின்னாலேயே வந்துவிட்ட செல்வி, “போய்ப் பாப்போமே” என்றாள்.

கதவைத் திறந்ததும் எதிரே பெரிய ஆரஞ்சுப் படகு. என் கண்ணுக்கு அது சுவர். செல்வி கம்பியைப் பிடித்தபடி படகின் அடிவிளிம்பைப் பார்த்தாள். அங்கிருந்து பார்வையைக் கீழே இறக்கினாள். தண்ணீர் அருகிலேயே வெள்ளை நுரையாகக் கப்பலை உரசி ஓடியது.

“ஓடுதுங்க!” என்றாள். “இங்க எல்லாம் ஓடுது!”

அந்த அறையிலேயே தங்கினோம். மறுநாள் காலை பினாங்கை நெருங்கும்போது, “அந்தா, மீன் படகு. ரெண்டு பேரு வல இழுக்கறாங்க” என்றாள். அவள் விரலின் திசையில் எவ்வளவோ தேடினேன். படகு கப்பலுக்கு ஒட்டினாற்போல் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நீங்களும் போவதாக இருந்தால்: போர்ட் கிள்ளான் நிலையத்தை நம்பி இறங்காதீர்கள், கிள்ளானில் இறங்கிக் கார் பிடியுங்கள், அல்லது பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தே கிராப் எடுங்கள், அறுபது கிலோமீட்டருக்குள்தான். வடக்கே போகும்போது வலது பக்கம் கரை, படகுகள். இடது பக்கம் திறந்த கடல், சாயங்கால வெயில். அறை பிடிக்காவிட்டால் முதல் நாளே கேளுங்கள். காலியிருந்தால் மாற்றித் தருகிறார்கள். எந்தத் தளம் நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். உட்காரப் போகிறவரிடம் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை.

திரும்பி வரும் கடைசி மாலை, நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், “நல்லா பாத்தியா? போதுமா?” என்றேன்.

கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. “எப்படிங்க போதும்?” என்றாள்.