இரண்டு இரவு ஊறவைக்கவும்

ஆய்வகத்தில் அவருக்குச் சாயக்காரர் என்று பட்டப்பெயர். மூளை ஆராய்ச்சியாளரான அவர் இளம் வயதில் ஒரு சாய முறையைக் கண்டுபிடித்து எழுதினார். காகிதம்போல மெல்லிசாகச் சீவிய எலி மூளையை அந்தச் சாயத்தில் ஊறவைத்தால், நரம்பணுக்கள் இலையுதிர்ந்த மரங்களாகக் கறுத்துத் தெரியும். அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லாரும் தங்கள் கட்டுரையில் அவர் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். அப்படி ஒருவர் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். அவருக்கு அது ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தது.

ஆனால் அவர் உயிரைக் கொடுத்து உழைத்தது வேறொன்றுக்கு. மூளை எப்படி மறக்கிறது என்பதற்கு. அந்தக் கட்டுரைகளைச் சீண்ட ஆளில்லை. கருத்தரங்கில் மறதியைப் பற்றித் தொண்டை வற்றப் பேசி முடித்தாலும், முதல் கேள்வி சாயத்தைப் பற்றித்தான் வரும்.

ஓய்வு வயது வந்தது. மறதி வேலை பாதியில் நின்றது. அதை முடிக்க இன்னும் மூன்று வருடம் தன் அறையில் இருக்க அனுமதி கேட்டிருந்தார். துறைத் தலைவர் அவரிடமே படித்தவர்.

"சார், உள்ளதைச் சொல்லிடறேன். உங்க மறதியை எல்லாரும் மறந்துட்டாங்க. அனுமதி கொடுக்கற குழு பார்க்கப்போறது மேற்கோள் எண்ணிக்கையை. அதுதான் உங்களைக் காப்பாத்துது. சாயம் மட்டும் வெளுக்காமப் பார்த்துக்குங்க."

சாயக்காரர் சிரித்துவைத்தார்.

அந்த வாரமே முகம் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'குளிரறையில் இரண்டு இரவு ஊறவைக்கவும்' என்று அவர் எழுதியிருந்ததை அவள் ஒரு மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தாளாம். அதே தெளிவு வருகிறதாம். வெளியிடும் முன் ஒன்று தெரிய வேண்டும்: அந்த இரண்டு இரவுக்கு ஏதாவது காரணம் உண்டா?

ஒரு வரி போதும். குறைவாக ஊறினால் நாள்பட்டதும் சாயம் மங்கிவிடும் என்று எழுதினால் நம்பிவிடுவாள். சரிபார்க்கவே வருடக்கணக்காகும். அதற்குள் குழு கூடிக் கலைந்துவிடும். உண்மையைச் சொன்னால் எல்லாரும் அவள் முறைக்குத் தாவுவார்கள், மேற்கோளும் அங்கே போகும்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.

"ரெண்டு ராத்திரின்னா... அந்த ரெண்டு ராத்திரியா?"

"ம்."

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள், சீவல்களைச் சாயத்தில் போட்ட கையோடு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் கிடந்தார். பையன். ஒரு தடவைகூட அழவில்லை. எல்லாம் முடிந்து, இரண்டு இரவு கழித்து, வீட்டில் இருக்க முடியாமல், கெட்டுப்போனதைக் கொட்டிவிடலாம் என்று ஆய்வகத்துக்குப் போனார். கொட்டுமுன் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார். நரம்பணுக்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதினார். படித்தவர்களும் அப்படியே செய்தார்கள். பலித்த முறையில் கைவைக்க அந்தத் தொழிலில் எல்லாருக்கும் பயம்.

"அப்ப இத்தனை வருஷமா ஊர் உலகமே சும்மா காத்துக்கிட்டு இருந்துச்சா?" என்றாள் மனைவி.

"யாரும் கேக்கலையே."

"இவ கேட்டுட்டாளே."

"சொன்னா என் அறை போயிடும்."

"போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க வீட்டுல உட்கார்ந்தா என் உயிரை வாங்குவீங்க, தெரியும்." தள்ளிவைத்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஆனா அந்த ரெண்டு ராத்திரிக்கு நீங்களா ஒரு காரணத்தை உண்டாக்கி எழுதினா, என்னால தாங்க முடியாதுங்க. அதுக்குக் காரணமே இல்ல. டாக்டரே அப்படித்தானே சொன்னாரு."

அவர் மாணவிக்குப் பதில் எழுதினார்: 'காரணம் எதுவும் இல்லை. அப்போது நான் வேலைக்கு வரவில்லை.'

குழு கூடுவதற்குள் அவள் கட்டுரை வந்துவிட்டது. குழுவில் ஒருவர் அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "இனிமே பழைய முறையை யார் தொடப்போறாங்க?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் முடிந்தது. துறைத் தலைவர் அவர் முகத்தைப் பார்க்காமலே செய்தியைச் சொன்னார்.

அறையைக் காலி செய்து வந்த அன்று மனைவி அந்தக் கட்டுரையை வாங்கிப் பார்த்தாள். 'இரண்டு இரவு தேவையில்லை. முறையை வகுத்தவரே தனிப்பட்ட முறையில் தெரிவித்தது' என்று ஒரு வரி. பக்கத்தில் அவர் பெயர்.

"இது உங்க எண்ணிக்கையில சேருமா?"

"சேராது. தனியாச் சொன்னதெல்லாம் மேற்கோள் கணக்குல வராது."

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள். மறதியைப் பற்றிய தாள்கள் நிறைந்த பெட்டி, கட்டிலுக்கடியில் முழுக்கப் போகாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.