நீலம் இறங்கிய சுவர்

எழுபதுகளில் தாம்பரத்தில் நாங்கள் கட்டிய வீட்டில், நான்காவது மழைக்காலத்தில் ஜன்னலுக்கு மேலே சுவர் கசிந்தது. கட்டிய கொத்தனார் ஆறுமுகம் ஏமாற்றுக்காரர் என்று தெரு முழுக்கச் சொன்னேன். அதைக் கேட்டுப் பக்கத்து மனைக்காரர் அவருக்குக் கொடுத்த வேலையை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் ஆறுமுகமே வந்தார். துணிக்குப் போடும் நீலத்தை வாளித் தண்ணீரில் கரைத்து, ஜன்னல் சன்ஷேடின் மேல் சுவரோரமாக ஊற்றினார். சற்று நேரத்தில், உள்ளே நின்ற என் கண்ணெதிரே வெள்ளைச் சுவரில் நீலம் கோடாக இறங்கியது.

"இங்க மூணு ஓட்டை கீது சார். யாரு ஆணி அட்ச்சது?"

நான்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நட்சத்திரம் கட்டப் புது ஆணி அடிப்பேன், ஜனவரியில் பிடுங்கிவிடுவேன்.

அதைச் சொல்லி, "என்னை மன்னிச்சிடுங்க, ஆறுமுகம்" என்றேன்.

அவர் ஓட்டைகளைச் சிமென்ட்டால் அடைத்தார். "அப்ப ஸ்டாரு எங்க மாட்டுவீங்க?" என்று கேட்டு, ஜன்னலின் மரச்சட்டத்தில் ஒரு கொக்கியையும் திருகினார்.

அரை மணியில் அவர் வேலை முடிந்தது. நான் தெருவில் வாசல் வாசலாக ஏறி, தப்பு என்னுடையது என்று சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பக்கத்து மனைக்காரரிடம்தான் முதலில் போனேன்.

அந்த டிசம்பரில் நான் கொக்கியில் நட்சத்திரத்தை மாட்டியபோது, பக்கத்து மனையின் சாரத்தில் நின்றபடி, "கொஞ்சம் சாஞ்சிகீது சார்" என்றார் ஆறுமுகம். நேராக்கினேன்.