படகில் இடம் இருந்தது

அந்த ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்தவர்கள் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வேலையில் மட்டும் யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

ஒரு நாள் திடீரென்று அந்த இஸ்திரி அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனது. ஜன்னலே இல்லாத அறை. நாள் முழுக்க நீராவி. கூட வேலை செய்யும் ஓரகத்திக்கு ஏழாம் மாதம். மத்தியானம் மயங்கிச் சரிந்துவிட்டாள். பட்டாசுதான் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள்.

நேரே மேனேஜரிடம் போய் ஃபேனைச் சரிசெய்யச் சொன்னாள். அவர் ஏசி அறையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"இப்போதைக்கு முடியாதும்மா, பொறுத்துக்கோங்க. வி ஆர் ஆல் இன் த சேம் போட்" என்று சிரித்தார்.

வெளியே வந்து வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டாள்: "அப்படின்னா என்னம்மா?"

"எல்லாரும் ஒரே படகுல இருக்கோம்னு சொல்றாரு. கஷ்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு அர்த்தம். சேர்ந்து மாட்டிக்கிட்டவங்க சொல்லிக்குவாங்க. இவரு மட்டும் நாம ஏதாவது கேட்டா சொல்லுவாரு."

பட்டாசுக்குச் சுருக்கென்றது. அட, என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுஷனுக்கு!

மறுநாள் காலை இஸ்திரி மேசையை லிஃப்டில் ஏற்றினாள். மேனேஜர் அறைக்குள் தள்ளினாள். ஏசியை அணைத்து, இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் சொருகி, ஈர விரிப்பை விரித்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"என்ன பண்றே நீ?"

"ஒரே படகுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இங்கேயும் இடம் இருந்துச்சு, வந்துட்டேன்."

மேனேஜரின் மூக்குக்கண்ணாடி மங்கியது; சட்டை முதுகில் ஒட்டியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தங்க வந்தவர்கள் பெட்டியும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"வேலை போயிடும், தெரியுமில்ல?" என்று பல்லைக் கடித்தார்.

அவள் சம்பளம் இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் கை நிற்கவில்லை.

"போகட்டும் சார். ஒரே படகுதானே? ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போகட்டும்."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தொலைபேசியில் எலக்ட்ரீஷியனை உடனே கீழே போகச் சொன்னார்.

"ஆள் போயாச்சு. நீயும் கிளம்பு தாயே!"

"ஃபேன் ஓடுதுன்னு என் ஓரகத்தி வந்து சொல்லட்டும் சார், இறங்கிக்கிறேன்" என்று அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.