லேசாகச் சுற்றிய இன்ஜின்

பெரம்பலூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், தண்ணீர் இறைக்கிற சின்ன இன்ஜின், புல் வெட்டுகிற மிஷின், இதெல்லாம் பார்ப்பேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும் பருவத்தில் வாசலில் பத்து இன்ஜின் கிடக்கும். எதையும் எடுத்ததும் பிரிக்க மாட்டேன். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பேன். லேசாகச் சுற்றினால் கவலை இல்லை. பிஸ்டன் மேலே வரும்போது இறுகிப் பிடித்தால் அது போச்சு. இருபது வருஷமாக இதுதான் கணக்கு. தப்பினது இல்லை.

அண்ணன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினவர். லோடு கொட்டும்போது வண்டி சரிந்தது. இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. வலது கால் இருக்கிறது, பலம் இல்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ரோட்டுப் பக்க அறை அவருடையது. இரண்டு வருஷமாக வாசலைத் தாண்டவில்லை. செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் மாட்டிப் பார்த்தார். அப்புறம் அது பீரோ மேலே ஏறிவிட்டது.

நாள் முழுக்கப் போன்தான். அதில் சின்னக் கார் பந்தயம் பார்ப்பார். கார் ஒரு முழம் இருக்கும். ரிமோட்டில் ஓட்டுவது. ஆனால் பேட்டரி கார் இல்லை. உள்ளே நிஜ இன்ஜின். நைட்ரோ எண்ணெய் என்று ஒன்றை ஊற்றினால் ஓடும். மண்மேட்டில் ஏறிக் குதித்துப் போகும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த மாதிரி காருக்குப் பேரு பக்கியாம்டா. பாத்தா நம்ம வூட்டு ஆளுங்க மாதிரிதான் இருக்கு. புழுதிய தின்னுட்டு ஓடுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அரியலூர்ல இத ஓட்டுறாங்களாம். மாசம் ஒரு ஞாயித்துக்கெழம. ஒண்ணு கெடச்சா போவலாம்."

போவலாம் என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து இரண்டு வருஷம் இருக்கும். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்டது மாதிரிதான்.

விசாரித்தேன். ஸ்பிரேயர் கொண்டுவருகிற ஒருவர் சொன்னார். ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் அப்படி ஒரு கார் கிடக்கிறது, மகன் வெளிநாடு போய்விட்டான் என்று. அரியலூர் போய் பஸ் மாறினேன். பஸ் நிறைய மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நின்றுகொண்டே போனேன்.

வாத்தியார் பரணிலிருந்து காரை இறக்கிக் கொடுத்தார். அதில் இன்ஜின் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் இரண்டு இன்ஜின் தனியாக இருந்தது. இரண்டும் ஒரே அளவு, கைக்குள் அடங்கும்.

"ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கப்பா. ஒண்ணு இருக்கட்டும். பையன் வந்தா கேப்பான்."

பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்று வெளியே கறுத்திருந்தது. ஆனால் விரல் வைத்ததும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. இன்னொன்று பளபளவென்று இருந்தது. சுற்றினால் மேலே வந்து நின்றது. கட்டை விரலை அழுத்தித் தள்ளினேன். கிரீச்சென்று கத்திக்கொண்டு தாண்டியது.

"இது ஜாம் ஆயிருக்கு சார். போட்டு வெச்சே புடிச்சுகிச்சு."

"இரு, பையனையே கேட்டுருவோம்" என்று வாத்தியார் போன் போட்டார். மகன் ஸ்பீக்கரில் பேசினான்.

"அப்பா, டைட்டா இருக்கறத குடுங்க. அதான் புதுசு. லூசா சுத்துறது ஓட்டி முடிச்சது."

நான் குனிந்து போனில் சொன்னேன். "தம்பி, நான் இருவது வருசமா இன்ஜின் பாக்குறேன்."

"இது வேற மாதிரி இன்ஜின்ணே."

"இன்ஜின்னா இன்ஜின்தான் தம்பி."

வாத்தியார் சிரித்தார். "அவரு கை வெச்சுப் பாத்துச் சொல்றாருடா. நீ எங்கயோ ஒக்காந்துகிட்டு பேசுற."

"சரிண்ணே. உங்க இஷ்டம்."

படித்த பையன். அவனா எனக்கு இன்ஜின் சொல்லித் தருவது என்று இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் கறுத்ததை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார். "ரெண்டு இருந்துச்சா? எப்புடி எடுத்த?"

"கைல சுத்திப் பாத்தேன்."

"அப்ப சரி. உன் கை தப்பாது."

போன் பேசினதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

எண்ணெய் சென்னையிலிருந்து வந்தது. இன்ஜினை மாட்டி வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. நீலப் புகை. ஆமணக்கெண்ணெய் வாசம். அண்ணன் ஜன்னலுக்குள் உட்கார்ந்து ரிமோட்டைத் திருகினார். கார் ரோட்டோரம் போய்த் திரும்பி வந்தது. அண்ணி கையைத் தட்டினார்.

அஞ்சு நிமிஷத்தில் நின்றது. சூட்டோடு இழுத்தால் வரவில்லை. ஆறினபிறகு இழுத்தால் வந்தது. மறுபடி சூடானதும் நின்றது. தினமும் இதே கதை. எண்ணெய் அளவைக் கூட்டினேன், குறைத்தேன். பிளக்கை மாற்றினேன். ஈரத்துணி சுற்றி ஆறவைத்தால் கொஞ்ச நேரம் ஓடும்.

எதிர்வீட்டுக்காரர் பல் குச்சியோடு நின்று பார்ப்பார். "என்னப்பா, மாமியா மாதிரி பொசுக்கு பொசுக்குனு கோவிச்சுகிட்டு ஒக்காந்துருது?"

அண்ணன் உள்ளேயிருந்து கத்தினார். "ஒங்க மாமியாவ ரிமோட்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

இப்படியெல்லாம் அவர் பேசிக் கேட்டு எத்தனை நாள். அந்த இரண்டு வாரம் வீட்டில் ஆள் சத்தம் இருந்தது. நான் இன்ஜினை அப்போது பிரித்திருக்க வேண்டும். பிரிக்கவில்லை. கை சொன்னது சரி, எண்ணெய் அளவுதான் தப்பு என்றே இருந்தேன்.

சனிக்கிழமை அண்ணன் கேட்டார். "நாளைக்குப் போவலாமா? இல்ல, அடுத்த மாசம் பாப்பமா?"

"போவலாம்ணே."

விடிந்ததும் பீரோ மேலிருந்து செயற்கைக் காலை எடுக்கச் சொன்னார். மாட்டிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை. அண்ணி திருநீறு வைத்துவிட்டார். லோடு ஆட்டோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

அரியலூருக்கு வெளியே செம்மண் பொட்டல். குழாயை வளைத்து வளைத்துப் போட்டுப் பாதை பிரித்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு கார் இருந்தது. ஓட்டுகிறவர்கள் நிற்க இடுப்பு உயரத்தில் இரும்பு மேடை. அண்ணனுக்குக் கீழே நாற்காலி போட வந்தார்கள்.

"வேணாம். நிக்கிறேன்."

ஒவ்வொரு படியாகக் கம்பியைப் பிடித்து ஏறினார். மேலே போய்க் கம்பியில் சாய்ந்து நின்றார். நின்றார். நான் கீழேயிருந்து பார்த்தேன்.

கார் கிளம்பியது. முதல் மேட்டில் ஏறிக் குதித்து நாலு சக்கரத்தில் இறங்கியது. அண்ணன் "ஏய்!" என்று கத்தினார். ஒரு சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில், தூரத்து மூலையில், நின்றுவிட்டது.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஈரத்துணி சுற்றினேன். ஆறினதும் இழுத்தேன். ஓடியது. பாதிச் சுற்றில் நின்றது. மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை பாதை நடுவில் நின்றது. மற்ற கார்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின.

"அண்ணே, வண்டிய எடுங்க. வழில கெடக்கு" என்று மேடையிலிருந்து ஒரு பையன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

அண்ணன் மேடையில் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஓட்டக் கார் இல்லை.

திருச்சியிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார், வயதானவர், ரொம்ப நாளாக ஓட்டுகிறவராம். "குடுங்க பாப்பம்" என்று வாங்கினார். பிளக்கைக் கழற்றி, கட்டை விரலால் சுற்றினார்.

"மேல புடிக்கவே இல்லையே. தேஞ்சு போன இன்ஜின்ங்க இது."

"புடிச்சா ஜாம்தானே சார்?"

"உங்க ஸ்பிரேயர் இன்ஜின்ல ரிங்கு இருக்கும். இதுல ரிங்கே கெடயாது. சிலிண்டர் மேல போவப்போவ ஒடுங்கும். ஆறியிருக்கறப்ப அங்க புடிக்கணும். சூடானா விரிஞ்சு சரியா நிக்கும். புடிக்கலன்னா அதுக்கு உசுரு இல்லன்னு அர்த்தம். வாங்குறப்பவே இறுக்கமா இருக்கறத பாத்து எடுக்கணும்ங்க."

அண்ணன் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இறங்க ஆரம்பித்தார். இரண்டாவது படியில் கால் வழுக்கியது. இரண்டு பேர் ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார்கள். தூக்கினபோது அவர் முகத்தை நான் பார்த்தேன்.

"வூட்டுக்குப் போவோம்."

வழியெல்லாம் டிப்பர் எதிரே வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. குன்னம் தாண்டினபிறகு பின்னாலிருந்து பேசினார்.

"தெரியாம எடுத்துட்ட. வுடுடா."

தெரியாமல் இல்லை. வாத்தியார் மகன் சொன்னான். வாய் வரைக்கும் வந்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கால் மறுபடி பீரோ மேலே போனது.

அடுத்த வாரம் ஏலாக்குறிச்சிக்குப் போனேன். வாத்தியார் பிஸ்கட் டப்பாவை அப்படியே கொடுத்தார். "அப்பவே சொன்னான்லப்பா அவன்" என்றார். குத்திக்காட்டவில்லை. சும்மா சொன்னார். "பையன் வந்தா கேப்பாரே சார்" என்றேன். "எங்க வரப்போறான்" என்றார்.

பளபள இன்ஜினை மாட்டினேன். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டேன். புது இன்ஜினை எடுத்ததும் ஓட்டக் கூடாதாம். எண்ணெய் அதிகம் வைத்து, ஒரு டாங்கு மெதுவாக ஓடவிட்டு, முழுக்க ஆறவைத்து, அப்புறம் அடுத்த டாங்கு. அப்படியே செய்தேன். நாலு நாள் ஆனது. ஜன்னலுக்கு நேரேதான் வைத்துச் செய்தேன்.

ஐந்தாம் நாள் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அண்ணே, இப்ப நிக்காது. சூட்டோட இழுத்தாலும் வருது."

போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போனில் கார் இல்லை. ஏதோ சமையல்.

"நீயே ஓட்டுடா."

"ஒரு தடவ பாருண்ணே."

"கேக்குதுல்ல சத்தம். நல்லாத்தான் இருக்கு. போ."

வெளியே வந்து ஓட்டினேன். ஓட்டத் தெரியாது எனக்கு. ஆனாலும் ஓடியது. ரோட்டின் கடைசி வரை போய் வந்தது. எண்ணெய் தீரும் வரை நிற்கவில்லை. இந்த மாதிரி ஓடும் என்றுதான் அவர் மேடை ஏறினார்.

எண்ணெய் தீர்ந்து சத்தம் அடங்கினதும் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். சத்தத்துக்கு அண்ணி சாத்தினாரா, அவரே சாத்தினாரா என்று நான் கேட்கவில்லை. காரைத் துடைத்துப் பட்டறையில் கொண்டுபோய் வைத்தேன்.