ஐந்து நிமிடம் ஓட வேண்டிய தண்ணீர்

குழாய்க்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். திறந்து கிடக்கும் குழாயைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீடானாலும் சரி, துக்கத்துக்குப் போன வீடானாலும் சரி, எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டுவிட்டால் போதும், பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போய் மூடிவிட்டுத்தான் மறுவேலை. “வந்த இடத்துலயும் இதே வேலையா?” என்று மனைவி விலாவில் இடிப்பாள். அதெல்லாம் அவருக்கு உறைக்காது. அவர் காது சுவருக்குள் ஓடும் தண்ணீரோடு பேசிக்கொண்டிருக்கும்.

முப்பது வருடமாக அந்த ஊருக்குக் குழாய் போட்டவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால், ஊரே மெல்லத் தரையிலிருந்து கழன்று மிதக்கும். வீடுகள் இருக்காது. குழாய்கள் மட்டும் அந்தரத்தில் கொடி மாதிரி படர்ந்து நிற்கும். அந்தச் சந்தில் ஒரு வளைவு, இந்த முக்கில் ஒரு திருகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். நுனியில் எல்லாம் பித்தளைக் குழாய் பளபளக்கும். பித்தளைதான் வேண்டும் அவருக்கு. “பிளாஸ்டிக் ரெண்டே வருஷத்துல வாயைப் பிளந்துடும். பித்தளை உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்” என்று சொல்லிச் சொல்லியே வீட்டுக்கு வீடு மாட்டி வைத்திருந்தார்.

இப்படி இருக்கையில்தான் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறது, சுரங்கம் தோண்டப் போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. வேலை வரும், கடை கண்ணி பிழைக்கும் என்று ஒரு கட்சி. கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கினால் கிணறெல்லாம் போச்சு என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு முடிதிருத்துபவர்தான் தலைவர். வாதம் சூடேறினால் கத்தியை ஆட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விடுவார், பாதிக் கன்னம் நுரையோடு உள்ளே ஒரு ஆள் தவம் கிடப்பான்.

குழாய்க்காரர் எந்தக் கட்சியும் இல்லை. வெளியே அப்படிச் சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான். வீட்டில் கதை வேறு. மகளும் மருமகனும் எங்கோ தொலைவில், இரண்டு பகல் பயணத்தில் இருந்தார்கள். மருமகன் பெரிய இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். சுரங்கம் வந்தால் அதன் பட்டறையில் வேலை தருவதாகக் கம்பெனி வாய்வார்த்தை கொடுத்திருந்தது. அவ்வளவு போதும் மனைவிக்கு. பின்னறைக்கு இளநீலச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். பேத்தியைக் குழாயடியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவதைப் பகலிலேயே கனவு கண்டார் இவர். நினைத்தாலே உள்ளங்கை ஈரமாகிவிடும்.

தோண்டுவதற்கு முன் தண்ணீரில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்க வேண்டுமாம். அதற்கு ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். எல்லா வீட்டு அடுப்படியும் தெரிந்த ஆள் இவரைவிட யார்? நாற்பது பாட்டில்களை ஒப்படைத்துப் பாடம் எடுத்தாள்.

“குழாயைத் திறந்து அஞ்சு நிமிஷம் ஓட விடணும். அப்புறம் பாட்டிலை மூணு தடவை அலசிட்டுப் புடிக்கணும்.”

“அஞ்சு நிமிஷமா?”

“ஆமாங்க. குழாய்க்குள்ள தேங்கின தண்ணி போயி, கிணத்துத் தண்ணி வரணும். அதான் கணக்கு.”

தலையை ஆட்டினார். நல்ல கோடை. கிணறுகளில் முழங்காலளவு தண்ணீர். விடியற்காலையில், யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் முதல் வீட்டுக்குப் போனார். திறந்தார். தண்ணீர் தரையில் விழுந்து ஓடியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, கை தானாகப் போய் மூடிவிட்டது. மனசு வரவில்லை மனுஷனுக்கு. மூன்று முறை ஒழுங்காக அலசினார், அதுவும் சொட்டுச் சொட்டாக. நாற்பது வீட்டிலும் இதே கதைதான். படிவத்தில் மட்டும் நாற்பது இடத்திலும் ‘ஐந்து நிமிடம்’ என்று அழகாக எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். கம்பெனிப் பொறியாளர் நல்ல மரியாதைக்காரர். சுவரில் ஊரின் படத்தை விழவைத்தார். அதில் வீட்டுக்கு ஒரு புள்ளி, ஏறக்குறைய எல்லாமே சிவப்பு.

“உங்க தண்ணியில ஏற்கனவே செம்பும் துத்தநாகமும் இருக்கு. மலையிலேர்ந்து இயற்கையா வருது. இதுக்கு மேல போகாம பாத்துக்கிட்டுத்தான் நாங்க கழிவுத் தண்ணிய ஓடையில விடுவோம். இந்த அளவையே வரம்பா வெச்சு அனுமதி கேட்டிருக்கோம்.”

முடிதிருத்துபவர் எழுந்து போய்ப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவி இவர் கையைப் பிடித்தாள். “முடிஞ்சுதுங்க. புள்ளைங்க வந்துடும்.”

இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைத் தூக்கத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! முக்கு வீடு, ரொட்டிக்கடை, தையற்காரி வீடு... அட, தினம் மத்தியானம் மிதந்து வரும் அதே ஊர்தான். சிவப்பு இருந்த இடமெல்லாம் அவர் பித்தளை மாட்டிய இடம். மூன்றே மூன்று புள்ளிகள் பச்சை. அதில் ஒன்று, எத்தனை சொல்லியும் பிளாஸ்டிக்கை விடாத முடிதிருத்துபவரின் கடை. அதை ஒட்டிப் பத்தடி தள்ளியிருந்த வீடு சிவப்பு. மலை என்ன ஆள் பார்த்தா தண்ணீர் அனுப்பும்?

பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் உருக்கிச் சேர்த்ததுதான். அது அவருக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்க அதற்குள் நின்ற தண்ணீரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். யாருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பேத்தியின் ஈரத் தலை கண்முன் வந்தது. அதே குழாய், அதே ஓடை பாயும் கிணறு. இனி அதில் எவ்வளவு கலந்தாலும், முன்பே இருந்தது என்று அவர் கையெழுத்துச் சொல்லும்.

எழுந்தார். தாழ்வாரத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடத்தான் போகிறார் என்று கூட்டம் சிரித்தது. அவர் போகவில்லை.

“அந்தச் சிவப்பு மலையோடது இல்லைங்க. நான் மாட்டின பித்தளையோடது. அஞ்சு நிமிஷம் ஓட விடச் சொன்னாங்க. நான் விடலை. விட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

மனைவி கையை எடுத்துக்கொண்டாள்.

பொறியாளர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப மறுபடி எடுத்தாகணும். அதுவும் இதே மாதிரி கோடையில. ஒரு வருஷம் தள்ளிப் போகுங்க.” ஆய்வுக்கார அம்மாள்தான் முகம் சிவந்து சொன்னாள், “நீங்களேதான் வரணும். நான் கடிகாரத்தோட பக்கத்துல நிப்பேன்.”

ஒரு வருடம் காத்திருக்க மருமகனால் முடியவில்லை. இன்னும் தொலைவில் ஒரு வேலைக்கு மூன்று வருடம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். “பரவாயில்லப்பா” என்றாள் மகள் தொலைபேசியில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மனைவி அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். பின்னறையைச் சாத்தி வைத்தாள்.

அடுத்த கோடையில் மறுபடி நாற்பது வீடு. முப்பத்தொன்பது வீட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். கடைசி வீடு அவருடையது. குழாயைத் திறந்தார். அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து மனைவி வந்தாள், கையில் ஒரு வாளி. குழாய்க்கு அடியில் ணங்கென்று வைத்தாள்.

“ஒரு வாளி வெச்சிருந்தா போதும்ல அன்னைக்கு?”

முப்பது வருடம் தண்ணீரோடு புழங்கியவருக்கு அது தோன்றவே இல்லை. அவமானமாக இருந்தது. அம்மாள் பக்கத்தில் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

ஐந்து நிமிடம் முடிந்தது. பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடித்து மூடினார். மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து, மண்டியிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“வாசல்லயே நிக்காதீங்க” என்றாள். “அந்த ஜன்னலைத் திறந்து விடுங்க. மூணு வருஷம் இப்படியேவா போட்டு வெக்க முடியும்?”