முறுக்காமல் விட்ட படம்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கேமராவைத் தேர்ந்தெடுத்தது நான். என் கணவர் இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பார்த்து வாங்கினது" என்றுதான் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம். நாங்கள் காஜா பேராங்கில், கம்போங் செட்டியை ஒட்டி, ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் கித்தா தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். கணவர் பண்டார் ஹிலிரில் ஓர் ஆபீசில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. சங்கக் கூட்டம் என்றால் மேடையேறி மூடநம்பிக்கையைக் கிழி கிழி என்று கிழிப்பார். சகுனம் பார்ப்பவர்கள், கயிறு கட்டுபவர்கள் யாரும் தப்ப முடியாது. கைதட்டல் அடங்கி வீட்டுக்கு வந்தால் அக்கா சொன்னதுதான் வேதம். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கிய விதவை. எங்களோடுதான் இருந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளோடு சேர்த்து வீட்டில் நாலு பேர்.

கணவருக்குக் கேமரா ஆசை வந்தது ஆபீசில் இன்னொரு கிராணி வாங்கிவிட்டதால். எனக்கு வந்தது மகளால். என் அம்மா தோட்டத்தில் செத்தபோது நான் சின்னப் பிள்ளை. அம்மாவின் கை நினைவிருக்கிறது, குரல் கொஞ்சம் நினைவிருக்கிறது, முகம் அடியோடு போய்விட்டது. படம் என்று ஒன்றும் கிடையாது. கித்தா வெட்டுகிறவளை யார் படம் எடுப்பார்கள்? என் மகள் முகமோ வாரத்துக்கு ஒரு தினுசாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

கடை ஒரு சீனருடையது. கணவரின் கண் நேராக மடக்குக் கேமரா மேல் போனது. திறந்தால் துருத்தி மாதிரி மூக்கை நீட்டும். மூக்கைச் சுற்றிலும் எண்கள். வெயிலுக்கு ஓர் எண், தூரத்துக்கு ஓர் எண், வேகத்துக்கு ஓர் எண். கடைக்காரத் தவுக்கே ஒவ்வொன்றாக விளக்கினார். இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றார். ஒரு மண்ணும் புரியவில்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

"யாங் மானா செனாங், தவுக்கே?" என்றேன். எது லேசு என்று கேட்டேன், அவ்வளவுதான்.

தவுக்கே கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிஸ்கட் டின்னுக்குக் கைப்பிடி வைத்தது போல இருந்தது. எண் எதுவும் இல்லை. வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஏழெட்டடி தள்ளி நிற்க வேண்டும். பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே உள்ள குட்டிக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து, பக்கத்திலுள்ள விசையைத் தட்ட வேண்டும். பிறகு பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் தெரியும்வரை திருகை முறுக்க வேண்டும். "புடாக் பூன் போலே" என்று சிரித்தார். சின்னப் பிள்ளையால்கூட முடியுமாம்.

கணவர் முகத்தைச் சுளித்தார். "விளையாட்டுச் சாமான் மாதிரில இருக்கு."

"அந்த நம்பரெல்லாம் உங்களுக்கு வெளங்குச்சாங்க?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டேன்.

பதிலுக்குப் பெட்டிதான் வந்தது. ஆனாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. வழியெல்லாம், "இதான் வசதி. அவசரத்துக்கு நீகூட அமுக்கலாம், அவ்ளோ லேசு" என்று எனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த "நீகூட" எனக்கு உறைக்கவில்லை. அமுக்கலாம் என்றதே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் பொட்டு வைத்து, புதுச் சட்டை மாட்டி, வாசலுக்குத் தூக்கி வந்தேன். அண்ணி குறுக்கே வந்து நின்றார்.

"பிள்ளைய எடுக்கப்படாது. ஒரு வயசு முடிஞ்சு, கோயில்ல முடி எறக்கட்டும். அப்புறம் எத்தன வேணும்னாலும் எடு. இப்ப எடுத்தா ஆயுசு கொறையும்."

நான் கணவரைப் பார்த்தேன். மேடையில் முழங்கும் வாய் இருக்கிறதே, அது என்ன சொல்லப்போகிறது என்று பார்த்தேன். அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் தனியாக வந்து, "எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. அக்கா மனசு நோகக்கூடாதுன்னு பாக்குறேன். கொஞ்ச மாசம்தானே" என்றார்.

அண்ணியைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படி இல்லை. அவருக்கும் ஒரு பிள்ளை இருந்தது. ஸ்டூடியோவில் படம் எடுத்த மறுமாதமே காய்ச்சலில் போய்விட்டதாம். அந்தப் படம் அவருடைய டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எடுத்துப் பார்ப்பார். எடுத்ததால் பிள்ளை போனது என்பது அவர் கணக்கு. எடுத்ததால்தானே முகமாவது மிஞ்சியது என்று எனக்குத் தோன்றும். வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கணவர் மணிக்கூண்டை எடுத்தார். சிநேகிதரின் காரை எடுத்தார். காரின் மேல் சாய்ந்து நின்று தன்னையும் எடுக்க வைத்தார். ஒருநாள் எங்கள் வீட்டையே எடுக்க வந்தார். நான் மகளோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பிள்ளையத் தூக்கிக்கிட்டு கொஞ்சம் அந்தண்ட போ, உள்ள விழுது" என்றார். நான் எழுந்து போனேன். படத்தில் வெறும் படி இருக்கிறது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அவர் ஆபீசுக்கும் அண்ணி பசாருக்கும் போன ஒரு காலை, அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தேன். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். பக்கத்தில், தலைமுறைகளாக மலாக்காவிலேயே இருந்து மலாய் பழகிப்போன ஒரு செட்டிக் குடும்பத்துப் பெண் இருந்தார். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, எங்களைவிட ஒழுங்காகக் கோயிலுக்குப் போவார். தமிழ் மட்டும் வராது. மலாயில்தான் பேசிக்கொள்வோம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்காமல் வந்தார். பிரம்பு நாற்காலியை வெயிலில் போட்டு மகளை உட்காரவைத்து, நாற்காலிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, அவள் இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்.

வெயில் என் முதுகில் இருந்தது. குனிந்து பார்த்தேன். தீப்பெட்டி அளவுக் கண்ணாடிக்குள் என் மகள் கீழ்ப்பல் இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"செப்பாட், டியா மோ நாங்கிஸ்" என்றார் நாற்காலிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண். சீக்கிரம், அழப்போகிறாள் என்று.

விசையைத் தட்டினேன். டக் என்றது. அவ்வளவு லேசு.

திருகை முறுக்கவில்லை. முறுக்கினால் சிவப்புக் கண்ணாடியில் எண் மாறிவிடும். ஒவ்வொரு படம் எடுத்ததும் முறுக்கி வைத்துவிட்டு, எத்தனை மீதி என்று தினமும் பார்ப்பது அவர் வழக்கம். ஓர் எண் தாண்டியிருந்தால் அன்றைக்கே வீடு இரண்டுபடும். எண்ணை அப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது என்று என் மூளை சொன்னது. உண்டியலில் போட்ட காசு எங்கே போய்விடும்? அதுபோல எடுத்த படம் உள்ளேதான் இருக்கும் என்று நம்பினேன். முறுக்கச் சொன்ன தவுக்கே எதற்காக என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த வாரமே அவர் ஆபீசுத் துரைக்குப் பிரிவுபசாரம் நடந்தது. நாடு கைமாறப்போகிறது, துரை சீமைக்குத் திரும்புகிறார். கணவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஆபீஸ் வாசலில் துரையை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டு வந்தார். "துரை என் தோளத் தட்டிக் குடுத்தாரு. கழுவினதும் சீமைக்கு ஒரு காப்பி அனுப்பணும்" என்று இரவு முழுக்க அதே பேச்சு.

பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் பல் காய்ச்சல் என்றார்கள். பிறகு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். அண்ணி அழுத அழுகை பொய்யில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதவர், கொஞ்சம் ஓய்ந்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா. மொகத்த ஒண்ணு எடுத்து வச்சுக்குவோம். இனிமே என்ன பயம்?"

அவரும் எழுந்துபோய் எடுத்துவந்தார். சிரித்த பிள்ளையை எடுக்கத் துணியாத கை, செத்த பிள்ளையை எடுக்க எவ்வளவு சீக்கிரம் நீண்டது! வாசல் வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று பாயை நகர்த்தக்கூடச் சொன்னார்.

"எடுக்காதீங்க!" என்று கத்தினேன். "கண்ண மூடிக்கிட்டு இருக்கிற படம் எனக்கு வேணாம். யாராவது எடுத்தீங்கன்னா பெட்டியப் போட்டு ஒடச்சிருவேன்!"

பெற்றவள் துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். எனக்குத் துக்கம் மட்டுமில்லை, திமிரும் இருந்தது. அந்தப் பெட்டிக்குள்ளேயே இரண்டு பல்லோடு என் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், உங்கள் யாருடைய தயவும் எனக்கு வேண்டாம் என்ற திமிர்.

அதன் பிறகு கேமராவை யாரும் தொடவில்லை. பிலிமில் இன்னும் சில எண்கள் மீதியிருந்தன. நான் எத்தனை நாள் பொறுப்பேன்? "துரைக்குப் படம் அனுப்ப வேணாமா?" என்று தூண்டிவிட்டேன். அந்தத் தூண்டிலில் அவர் தப்பாமல் விழுவார். சுதந்திரத்துக்குக் கட்டியிருந்த தோரணங்களை எடுத்து பிலிமை முடித்தார். படங்களை வாங்கப் போன அன்று நானும் வருவேன் என்று கிளம்பிவிட்டேன்.

தவுக்கே படங்களை மேசைமேல் பரப்பினார். மணிக்கூண்டு. கார். வெறும் படி. தோரணங்கள். கடைசியாக ஒன்றைத் தயங்கித் தயங்கி வைத்து, "இனி ரோசாக்" என்றார். இது கெட்டுப்போய்விட்டதாம்.

ஆபீஸ் வாசல். வரிசையாகக் கிராணிகள். நடுவில் வெள்ளைக் கோட்டுத் துரை. அவர்கள் எல்லார் மேலும், சாம்பிராணிப் புகையில் செய்தது போல, ஒரு பிரம்பு நாற்காலியும் என் மகளும். துரையின் தொப்பி அவள் வலது கண்ணில் கிடந்தது. அவருடைய கோட்டுப் பித்தான்கள் அவள் வாயில் வரிசையாக இறங்கின. பல் தெரியவில்லை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்றுகூடச் சொல்ல முடியாது.

ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்திருக்கிறது, முறுக்காமல் எடுத்துவிட்டீர்கள் என்று தவுக்கே விளக்கினார். கணவர் என்னைப் பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

அவர் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். மகளைத்தான் பார்க்கிறார், உடைந்து அழுதுவிடுவார் என்று நினைத்து அவர் தோளைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். அவர் படத்தைத் தவுக்கேயிடம் நீட்டினார்.

"புடாக் இனி போலே புவாங்கா?" என்றார். இந்தப் பிள்ளையை எடுத்துப்போட்டுவிட முடியுமா என்று கேட்டார். துரைக்கு அனுப்ப வேண்டுமே!

தவுக்கேக்கு விவரம் தெரியாது. என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். "தா போலே" என்று தலையை ஆட்டினார். முடியாது. அப்படியானால் துரையை எடுத்துவிட முடியுமா என்று நான் கேட்டேன். அதற்கும் அதே பதிலைத்தான், இன்னும் மெல்லிய குரலில் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பினோம். அண்ணி வாசலிலேயே கையை நீட்டிப் படத்தை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எனக்கு வரப்போகும் வார்த்தை என்னவென்று தெரியும். அதற்குச் சொல்ல வழியெல்லாம் பதில் தயாரித்து வந்திருந்தேன். உங்கள் பெட்டியில் ஒரு படம் இருக்கிறதே, எனக்கு ஏன் இருக்கக்கூடாது என்று கேட்பதாக இருந்தேன். ஆனால் அவர் முந்தானையால் அந்தப் படத்தை ஒற்றிக்கொண்டே இருந்தார். "நெத்தி தெளிவாத் தெரியுது தாயி. பொட்டுகூடத் தெரியுது" என்று என் கையில் கொடுத்தார்.

நான் எதிர்பார்த்த வார்த்தை எனக்குப் பின்னாலிருந்து வந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாக, கணவர் சொன்னார்.

"நீ எடுக்காம இருந்திருந்தா பிள்ளை இருந்திருக்கும்."

அண்ணிதான், "வாய மூடு தம்பி" என்றார்.  நான் தயாரித்து வைத்திருந்த பதில் கணவருக்கானது அல்ல.

அதற்குப் பிறகும் அவர் மேடையேறினார், மூடநம்பிக்கையைக் கிழித்தார், கைதட்டல் வாங்கினார். எங்களுக்கு வேறு பிள்ளைகள் பிறந்தார்கள். பிறந்த வாரமே அவர்களைப் படம் எடுத்தார், அண்ணி தடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் சாகும்வரை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரனை விலக்கி விலக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவன் விலகுவதில்லை.